பாறசாலைக் கடையில் ஒரு கூஜா அக்கானி

‘வெளியிலிருந்து கொண்டுவரும் பானங்களை இங்கே குடிக்கக் கூடாது.’ பாறசாலைச் சாப்பாட்டுக் கடைச் சுவரில் இதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறார்கள். இந்த ஊர் தமிழருக்கா மலையாளிகளுக்கா என்று தினமும் ஊர்வலம் போகும் இந்த நாட்களில், இரு தரப்புக்கும் சமமாகப் பொருந்தும் சட்டம் இது ஒன்றுதான்.

நானோ ஒரு கூஜா அக்கானியோடு உட்கார்ந்திருக்கிறேன். பதநீருக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. இலையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆவி பறக்கின்றன. கடைக்காரர் தங்கையன் கூஜாவைப் பார்த்துவிடுகிறார்.

“உள்ள என்னவாக்கும், சாரே?”

“அக்கானி.”

“மாசிப் பிறப்புக்கு ஒருத்தன் இப்பிடித்தான் அக்கானின்னு சொல்லிக் கள்ளு கொண்டுவந்தான். பாறசாலை யாருக்குன்னு அடி வந்து ரெண்டு பெஞ்சு போச்சு. இன்னொரு அடி நடந்தா போலீசு கடையப் பூட்டும்.”

“பின்னே எப்படி முடிவு செய்வீர்?”

“குடிச்சுப் பாக்கணும்.”

ஒரு தம்ளர் குடிக்கிறார். யோசிக்கிறார். சந்தேகம் தீரவில்லை என்று இன்னொன்று குடிக்கிறார். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் இருந்தேன்; நேரில் இவ்வளவு ஆர்வமாகத் தணிக்கை செய்யும் அதிகாரியைப் பார்த்ததில்லை.

“கள்ளு இல்ல. சாரு குடியும்,” என்று மூன்றாவது தம்ளரை எனக்கு நீட்டுகிறார். கூஜாவில் மிச்சமிருப்பதே அவ்வளவுதான். கிழங்கோடு அது அமிர்தமாக இறங்குகிறது.

அடுத்த முறை தணிக்கையிலிருந்து விலக்கு வேண்டும் என்று முறைப்படி மனு எழுதி, விலாசத்தோடு அவர் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறேன்.

பதில் கார்டில் வந்தது: ‘விலக்கு கிடையாது. பெரிய கூஜா கொண்டு வாரும்.’ கிடைத்த நாள், இரு தரப்புக்கும் பொதுவான சித்திரை விஷு.