அக்காவிடம் சொன்ன காற்று நிலவரம்

மறைமலைநகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில் காற்றின் மாசை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. காலையில் போய், தூசி படிந்த ஃபில்டர் பேப்பரை மாற்றுவேன். மதியத்துக்கு மேல் அலுவலகத்தில் உட்கார்ந்து, மறுநாள் காற்று எப்படி இருக்கும் என்று கணித்து அனுப்புவேன். என்னைப் படிக்க வைத்தது அக்கா. ஊருக்கு வெளியே இருக்கும் குப்பைமேட்டில் ஒப்பந்தக் கூலியாகக் குப்பை பிரிக்கிறாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

அந்தத் தை மாதத்தில் குப்பைமேடு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் தண்ணீர் அடித்தால் இன்னொரு பக்கம் புகை கிளம்பும். பகலில் கடல்காற்று வந்து புகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புகை கிளம்பிய மூன்றாம் நாள் கணக்குப் போட்டபோது, மறுநாள் விடியலில் காற்று நின்றுவிடும் என்று வந்தது. பனியும் இறங்கும். அப்படியானால் புகை மேலே ஏறாமல் மேட்டைச் சுற்றியே கிடக்கும். 'மிக மோசம்' என்று போட்டு அனுப்பினேன். மனசு கேட்கவில்லை. குப்பைமேட்டைக் கவனிக்கும் அதிகாரிக்கு போன் செய்து, நாளை ஒருநாள் யாரையும் வேலைக்கு இறக்க வேண்டாம் என்றேன்.

"பத்து மணிக்கு மேல வெயில் வந்தா கலைஞ்சிடும் மேடம். வேலைய நிறுத்தணும்னா மேலேர்ந்து எழுத்துல வரணும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

எழுத்தில் தர எனக்கு அதிகாரம் இல்லை. என் மேலதிகாரியைக் கேட்டேன். "நம்ம வேலை சொல்றதோட முடிஞ்சிது," என்றார்.

சாயங்காலம் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போவாதக்கா. காத்தே இருக்காது. புகை அப்படியே நிக்கும்."

"உனுக்கு இன்னா, சொல்லிட்ட. நான் வர்லன்னா மேஸ்திரி வேற ஆள வெச்சிக்குவான். அப்பால கூப்ட மாட்டான்."

"ஒரு நாளுதானே."

"இன்னிக்கி மட்டும் நல்ல காத்தா கீது? டெய்லி அதத்தான் துன்னுகினு கீறேன்."

அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த மாஸ்க்கைக் கொடுத்தேன். "இத்த போட்டுகினு குனிஞ்சா மூச்சு முட்டுது," என்று கழற்றி ஆணியில் மாட்டினாள். காலையில் நான் எழுந்தபோது மாஸ்க் ஆணியிலேயே இருந்தது. அவள் போய்விட்டிருந்தாள்.

மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். கீழே கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. குப்பைமேடு இருக்கும் திசையே தெரியவில்லை. கருவியின் திரையில் மாசின் அளவு ஏறிக்கொண்டே போனது. அதை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரை மணிக்கு அக்காவோடு வேலை செய்யும் பெண் போன் செய்தாள். "உங்கக்கா குந்தினது எந்திரிக்க முடியாம கீது. ஆட்டோல போட்டு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம். நீ நேரா வந்துடு."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அக்கா முகத்தில் நெபுலைசரோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்வாங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மேலதிகாரி அழைத்தார்.

"நேத்து நீங்க போட்டது அப்படியே வந்திருக்கு. ரொம்ப கரெக்ட்," என்றார்.

"தேங்க்ஸ் சார்," என்றேன்.

புகைப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். மாமல்லபுரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அவளை அனுப்பினேன். கடலோரத்தில் பத்து நாளில் இருமல் அடங்கியது. பதினோராவது நாள் தானாகவே பஸ் ஏறி வந்துவிட்டாள். "அங்க குந்திகினு இன்னா பண்றது?" என்றாள். மேஸ்திரி திரும்பச் சேர்த்துக்கொண்டதில் அவளுக்குச் சந்தோஷம். மேடு அப்போதும் புகைந்துகொண்டுதான் இருந்தது.

இப்போதெல்லாம் தினமும் அவளே கேட்கிறாள், "நாளைக்கி எப்டி கீது?" என்று. மோசம் என்றால் முகம் மாறும். ஆனாலும் காலையில் கிளம்பிவிடுவாள். போன வாரம் ஒருநாள், 'மிக மோசம்' என்று ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு வந்து, அவளிடம் மட்டும், "பரவாயில்லக்கா, நல்லாத்தான் இருக்கும்," என்றேன். எப்படியும் போகப்போகிறவள், பயமில்லாமலாவது போகட்டும் என்று தோன்றியது. தலையாட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். நம்பினாளா என்று தெரியவில்லை.