குப்பை வண்டியில் போன சடை

பிள்ளைகளே, உங்கள் அம்மா கப்பலேறி இந்த ஊருக்கு வந்து இறங்கியது முதலில் பேசி வைத்திருந்த மாதத்தில் இல்லை. மூன்று மாதம் தள்ளித்தான் வந்தாள். அதற்கான காரணத்தை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. நீங்கள் எல்லாரும் சம்பளத்துக்குப் போகிற வயதுக்கு வந்துகொண்டிருக்கிறீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் அப்போது சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில் முடிவெட்டும் கடையில் இருந்தேன். கடையில் இரண்டு நாற்காலி, ஒரு முக்காலி. முதல் நாற்காலி முதலாளியுடையது. இரண்டாவதில் இருந்தவர் பங்குக்காரர். அவர் வெட்டிச் சம்பாதிப்பதில் பாதி அவருக்கு, பாதி கடைக்கு. நான் முக்காலிக்காரன், எடுபிடி வேலைக்கு. மாதச் சம்பளம் எட்டு வெள்ளி, சாப்பாடு கடையில். அதில் ஊருக்கு அனுப்பியது போக ஓர் அறை எடுத்துக் குடித்தனம் வைக்க முடியாது. பங்குக்காரர் மாதக் கடைசியில் ஈப்போவுக்குப் போகிறார் என்றும், அந்த நாற்காலி எனக்குத்தான் என்றும் முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். நானும் அடுத்த மாதக் கப்பலில் வரும்படி உங்கள் அம்மாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன்.

நம் தொழிலில் வெட்டிய மயிர் தீட்டு. அடுத்த ஆள் உட்காருவதற்குள் தரை சுத்தமாக வேண்டும். காலடியில் ஒரு இழை கிடந்தாலும் முதலாளிக்குக் கோபம் வந்துவிடும். கூட்டிக் கூடையில் போட்டு, பத்து மணிக்கு முனிசிபல் மாட்டு வண்டி வந்ததும் கொட்டிவிட வேண்டும். கை தானாகச் செய்கிற வேலை அது. யோசிப்பதே இல்லை.

சீன தேசத்தில் ராஜா போய்விட்டார் என்று பத்திரிகையில் வந்த சமயம் அது. அந்த ராஜாக்கள் கட்டளையால் நேற்றுவரை முதுகில் சடை தொங்கப் போன சீனர் இன்று கிராப்புத் தலையோடு போவார். ஒரு நாள் காலை, பக்கத்துத் தெரு அரிசிக் கடையில் கணக்கு எழுதும் சீனக் கிராணி ஒருவர் எங்கள் கடைக்குள் வந்தார். முப்பது வயது இருக்கும். தங்கள் ஆள் கடைக்குப் போனால் தெருவெல்லாம் பேச்சாகிவிடும் என்று எங்களிடம் வந்திருந்தார். முதலாளி ஒரு சவரத்தில் இருந்தார். பங்குக்காரர் அன்று வரவில்லை. "நீயே உட்கார வச்சு வெட்டுடா" என்றார் முதலாளி. பங்கு நாற்காலியில் நான் வெட்டிய முதல் தலை அதுதான்.

அவர் முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். சடை இடுப்புக்குக் கீழே வந்தது. நுனியில் கறுப்புப் பட்டு நூல் பின்னியிருந்தது. கத்திரி ஒரே வெட்டில் போகவில்லை, நாலைந்து தடவை கடிக்க வேண்டியிருந்தது. பிறகு கிராப்பு வைத்தேன். அவர் பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலை கழுவப் பின்பக்கம் போனார்.

அந்த நேரம் வாசலில் வண்டி மணி கேட்டது. "வண்டி வந்துடுச்சு, கொட்டுடா சீக்கிரம்!" என்றார் முதலாளி. கூட்டினேன், கொட்டினேன், கூடையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அவர் துண்டால் தலையைத் துடைத்தபடி வந்து, பெஞ்சில் வைத்திருந்த சிவப்புத் துணியை எடுத்து மடியில் விரித்தார். அவர் வந்தபோதே அதைப் பார்த்தேன். கைக்குட்டை என்று நினைத்திருந்தேன்.

"தோச்சாங் மானா?" என்று மலாயில் கேட்டார். சடை எங்கே என்கிறார்.

நான் தெருவைக் காட்டினேன்.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அரை மலாயும் அரைத் தமிழுமாகச் சொன்னார். சடையை முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தால் வெட்டிக்கொள் என்று அவர் தாயார் சம்மதித்திருக்கிறார். அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, மகன் சாகிற காலத்தில் அவர் உடம்போடு சேர்த்து அடக்கம் செய்ய வேண்டுமாம். சொல்லி முடித்துவிட்டு மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சடை வராமல் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார்.

"தவுக்கே, மயிரை யாராச்சும் வச்சிருப்பாங்களா?" என்று கிராணியைச் சீன முதலாளியாக்கிக் கெஞ்சினார் முதலாளி. அவர் அசையவில்லை. பெஞ்சில் காத்திருந்த இருவர் எழுந்து போய்விட்டார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார். "அந்த ஆளு எழுந்திரிக்கலன்னா உனக்கு நாற்காலியும் கிடையாது, முக்காலியும் கிடையாது. ஓடு!"

கொட்டச் சொன்னது நீங்கள்தானே என்ற கேள்வி வாய் வரை வந்தது. ஓடினேன்.

மீன் சந்தையான பசார் வாசலில் வண்டியைப் பிடித்தேன். அதற்குள் மீன் கழிவும் வாழை இலையும் மேலே ஏறிவிட்டன. வண்டிக்காரர் நம் ஆள்தான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வண்டியில ஒரு சடை விழுந்துடுச்சு."

"யாரு சடை? பொண்டாட்டி சடையா?"

"சீனர் சடை அண்ணே."

"தலையோடயா, தலை இல்லாமலா?" என்று சிரித்தார். நான் அழுகிற நிலையில் இருப்பதைப் பார்த்து அடங்கினார். "நான் மயிரத் தொட மாட்டேன் தம்பி. நீயே ஏறித் தேடிக்க. ஆனா ஒரு மாசம் எனக்குச் சும்மா சவரம், சொல்லிட்டேன்லா."

சரி என்று ஏறினேன். பசாரில் இருந்தவர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். முழங்கை வரை விட்டுத் துழாவினேன். முதலில் கையில் வந்தது ஒரு கயிறு. இரண்டாவதும் கயிறுதான். கடைசியில் பட்டு நூல் விரலில் சிக்கியது. இழுத்தால் மீன் செதிலோடு முழுச் சடையும் வந்தது.

கடைக்குக் கொண்டு வந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாற்றத்துக்கு முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். தொழில் தெரிந்த கை எதற்கு இருக்கிறது? சடையைப் பிரித்து, சீயக்காய் போட்டு மூன்று தண்ணீரில் அலசினேன். கடை முன் ஐந்தடி நடைபாதையில் துண்டு காயப்போடும் கயிற்றில் தொங்கவிட்டேன். தெருவில் போன சீனர் சிலர் நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் உள்ளே வந்து, சடை வெட்ட எவ்வளவு என்று விசாரித்தார்கள். காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பழையபடி மூன்று காலாகப் பின்னி, அதே பட்டு நூலால் நுனியைக் கட்டினேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பின்னலையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகர்ந்து பார்த்தார். சிவப்புத் துணியில் சுற்றிக்கொண்டு, பத்துக் காசை நாற்காலிக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானமே முதலாளி சொல்லிவிட்டார்: "நாற்காலி இப்ப வேணாம்டா. மூணு மாசம் போகட்டும், பாக்கலாம்." விசாரித்த இரண்டு பேரும் மறுநாள் வந்து வெட்டிக்கொண்டு போனார்கள். அதற்காக அவர் சொன்னதை மாற்றவில்லை. பங்குக்காரர் ஈப்போவுக்குப் போன பிறகும் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. நான் முக்காலியில் இருந்துகொண்டு அதைத் தினமும் துடைத்தேன். வண்டிக்காரருக்கு ஒரு மாதம் சவரமும் செய்தேன்.

இப்போது நம் கடையில் யார் முடி வெட்டிக்கொண்டாலும், கூட்டுவதற்கு முன்னால் "எடுத்துக்கறீங்களா?" என்று நான் கேட்பதைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். வழக்கம் ஆளுக்கு ஆள் வேறு. கேட்க அரை நிமிஷம்கூட ஆகாது.

மூன்று மாதம் கழித்து நாற்காலி கிடைத்தது, அறை எடுத்தேன், அம்மா வந்தாள். கப்பலில் இடம் கிடைக்கவில்லை, பொறுத்துக்கொள் என்று நான் அவளுக்கு எழுதியிருந்தேன். கப்பலில் இடம் இருந்தது. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இதை நீங்கள்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுவீர்கள். இந்த இடத்தை விட்டுவிடாமல் வாசியுங்கள்.