கருவாட்டு வாடியில் ஒரு பனிமலை

மீனைக் கீறி உப்பிட்டுக் காயப்போடுகிற எங்கள் கருவாட்டு வாடியில் ஒரு வழக்கம் உண்டு. வேலை நேரத்தில் எல்லாருக்கும் புத்தகம் வாசிக்கிறவளுக்கு மீன் வெட்டு இல்லை. அவளுடைய பங்கு மீனை மற்றவர்கள் பிரித்து எடுத்துக் கீறுவார்கள். உப்பும் செதிலும் அப்பின கையால் புத்தகத்தைத் தொட ஏலாது, அதுதான் காரணம். பெரும்பாலும் அந்த வாசிக்கிறவள் நான்தான். சம்பூரை விட்டு இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் என்னை விட்டுப் போனது. பிறகு கடைப் பலகை, மருந்துப் பெட்டி, சுவரொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துத்தான் எனக்கு வாசிப்புப் படிந்தது.

அந்த நாவலும் அப்படி வந்து சேர்ந்ததுதான். கருவாடு சுற்ற நாங்கள் பழைய பேப்பரை நிறுத்து வாங்குவோம். அதற்குள் கிடந்தது. அட்டை இல்லை, எழுதினவர் யாரென்றும் தெரியவில்லை. பல தேசங்களில் தலைமுறை தலைமுறையாக வாசித்த கதை என்று முன்னுரையில் மட்டும் போட்டிருந்தது. பனி கொட்டுகிற மலைநாடு. புருசனை இழந்த ஒருத்தி. கோவேறு கழுதையில் உப்பு ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டி அடுத்த பட்டணத்தில் விற்கப் பார்க்கிறாள். ஒவ்வொரு குளிர்காலமும் மலை அவளைத் திருப்பி அனுப்புகிறது.

"பனி எண்டா எப்பிடியடி இருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மீன் ஐஸ் பெட்டிக்குள்ள தலையை விட்டுப் பார். வெளிய எடுக்க மனம் வராட்டி அதுதான் பனி" என்றா பாலையூற்றிலிருந்து வேலைக்கு வருகிற அக்கா. மாதா கோயில் ஞாயிறு பூசையில் பாடுகிற அதே வாய்தான் மற்ற நாட்களில் எங்களை நக்கலடிக்கும்.

இந்தக் கதையைப் பிடிக்காத ஒரே ஆள் ராத்தா. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவ, வயதில் எங்களுக்கெல்லாம் மூத்தவ; மூத்த சகோதரியை அவவின் ஊரில் கூப்பிடுகிறபடி நாங்களும் ராத்தா என்போம். "இவளுக்கென்ன விசரா? உப்பை ஊருக்குள்ளயே வித்துட்டுக் கிடக்கலாமே" என்று மீனைக் கீறுகிற கத்தியாலேயே புத்தகத்தைக் காட்டிப் பேசுவா.

அந்தக் கோபம் கதைமேல் வந்தது இல்லை என்று எங்களுக்குத் தெரியும். வாடிக்கு லொறியில் வருகிற வியாபாரி சொல்வதுதான் எங்கள் கருவாட்டுக்கு விலை. ராத்தாவின் புருசனுக்கு முதுகு ஏலாமல் போனதும், படகை விற்று ஒரு பழைய ஓட்டோ வாங்கினார்கள். லைசன் எடுத்து, எங்கள் கருவாட்டைத் தோப்பூர்ச் சந்தைக்குத் தானே கொண்டுபோய், தான் சொல்லும் விலைக்கு விற்க வேண்டும். அதுதான் ராத்தாவின் எண்ணம். ஆனால் ட்ரயல் என்கிற ஓட்டுப் பரீட்சையில் தோற்று வருவதே வழக்கமாகிப்போனது. இந்த முறையும் தவறினால் ஓட்டோவை அந்த வியாபாரியின் தம்பிக்கே கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

தோல்விக்குக் காரணம் படகு. ராத்தா இளவயதில் புருசனோடு கொட்டியாரக் குடாவில் இஞ்சின் படகு ஓட்டினவ. படகின் வாலில் இருக்கிற இஞ்சின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். ஓட்டோவோ, திருப்புகிற பக்கம் போகும். ஆறுதலாக, அவசரமில்லாமல் ஓட்டும்போது பிழை வராது. யாரும் சத்தம் போட்டால், குறுக்கே ஏதும் வந்தால், கை படகுக்குப் போய்விடும். அதிசயம் என்னவென்றால், எல்லாரும் தடுமாறுகிற பின்பக்க ஓட்டத்தில் ராத்தா கெட்டிக்காரி. பின்னுக்குப் போகையில் திருப்புகிற முன் சில்லு வாலுக்கு வந்துவிடுகிறதே, படகைப் போல!

"ராத்தா, தோப்பூருக்குப் பின்பக்கமாவே போயிடுங்கோ. எதிர வாறவன் எல்லாம் இறங்கிக் கும்பிடுவான்" என்பா அக்கா.

"சிரிங்க, சிரிங்க. நான் இனி ட்ரயல் பக்கம் போறேல்ல. ஓட்டோவை அந்த லொறிக்காரன்ட தம்பியே கொண்டு போகட்டும்" என்றா ராத்தா ஒருநாள். சிரிப்பு நின்றுவிட்டது. நான் புத்தகத்தை விரித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

அன்றைய அத்தியாயத்தில் அந்தப் பெண் உப்பையும் பறிகொடுத்து, மலையடிவாரத்தில் பாதை பிரிகிற இடத்தில் இருக்கிறாள். அழவில்லை. தன் காலையே பார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் பயம் வந்ததும் கால் தானாக இடப்பக்கப் பாதைக்கே போயிருக்கிறது. புருசன் அவளைக் கூட்டிக்கொண்டு போன பாதை அது. அவன் போன பிறகு அங்கே மலை சரிந்துவிட்டது. காலுக்கு மட்டும் அது தெரியவில்லை.

கத்தி நின்றது. "அந்த இடத்தத் திரும்ப வாசி புள்ள" என்றா ராத்தா.

வாசித்தேன்.

"அவட காலும் என்ட கையும் ஒரே சாதிதான்" என்று தனக்குத்தானே சொன்னா. பிறகு எங்களைப் பார்த்து, "ஆறுதலா ஓட்டிப் பழகி என்ன பிரயோசனம்? என்னைப் பதற வைங்க. கை திருந்துற வரைக்கும் பதற வைங்க" என்றா.

அக்காவுக்கு இதைவிட நல்ல வேலை உலகத்தில் கிடைக்குமா? மீனைக் காயப் போட்ட பிறகு, உப்புக் குவியலுக்குப் பின்னால் கூடைகளைக் கவிழ்த்து வளைவு வளைவாகப் பாதை கட்டினோம். ராத்தா முன்பக்கமாக ஓட்டினா. அக்கா தகரத்தை அடித்தபடி குறுக்கே பாய்ந்தா. ஒருத்தி "வலம்!" என்று கத்த, ராத்தா இடப்பக்கம் திரும்பி உப்புக் குவியலுக்குள் ஏறினா. கூடைகள் நசிந்தன. அக்காவின் செருப்பொன்று சில்லுக்குள் போனது. ராத்தா ஒவ்வொரு தடவையும் இறங்கி, கூடையை நிமிர்த்தி வைத்து, "இன்னொருக்கா" என்றா. மழைக்காலம் வந்து கருவாடு காயாத நாட்களிலும் கூடைகள் மட்டும் வெளியே இருந்தன. ஒரு பின்னேரம் அக்கா தகரத்தோடு பாய்ந்தபோது ஓட்டோ அழகாக வளைந்து அவவைச் சுற்றிக்கொண்டு போனது. ஏமாந்துபோய் நின்றது அக்காதான்.

ட்ரயல் அன்று வாடியைப் பூட்டிவிட்டு எல்லாரும் போய் வேலியோரம் நின்றோம். ராத்தா வளைவுகளை முடித்து, பின்சீட்டில் பரிசோதகரோடு தெருவில் இறங்கினா. எங்கள் பட்டணத்து மான்களுக்குத் தெருவும் காடும் ஒன்றுதான். மதிலோரம் மேய்ந்த ஒன்று, நாய் குரைத்ததும் துள்ளிக் குறுக்கே விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "யேசுவே" என்ற அக்காவின் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தால், மான் இந்தப் பக்கம், ஓட்டோ அந்தப் பக்கம், நடுவில் தாராளமாக இடம். கை எங்கே போக வேண்டுமோ அங்கேயே போயிருந்தது.

பரிசோதகர் இறங்கி, "அம்மா, பழகின கை" என்றார்.

"ஓம் சேர். பழக்கத்த மாத்தின கை" என்றா ராத்தா. அதுவரை விறைப்பாக நின்றவ, அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடி அழுதா. நாங்கள் எல்லாரும் போட்ட கூச்சலில் அந்த மான் எந்த ஊருக்கு ஓடியதோ தெரியாது.

லைசன் கைக்கு வந்த கிழமை, விடிய வெளிக்கிட்டு, கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, தோப்பூர்ச் சந்தையில் சாக்கு விரித்தோம். கட்டா மீன் கருவாடு வெயிலில் மினுங்கியது. முதலில் வந்த ஒரு மனிசன் ஒன்றைத் தூக்கி மணந்து பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு, "லொறிக்காரன் இதைவிடக் குறைச்சல்ல தாறானே" என்றார்.

"அவர் அவர்ட விலையச் சொல்லட்டும்" என்றா ராத்தா, தராசைத் துடைத்தபடி. "ஓட்டோ என்ட, லைசன் என்ட, கருவாடு எங்கட. விலையும் நாங்கதான் சொல்லுவம்."

அந்த மனிசன் கையிலிருந்த கருவாட்டைத் தராசில் போட்டு, "அப்ப நல்லதாப் பார்த்து நிறுங்கோ" என்றார்.