மூடாக்கைக் கூட்டியவன்

நாற்பத்தெட்டு வயதில் மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொண்டவனிடம் உடம்பில் வலிக்காத இடம் எது என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு இடது காது மடல் என்று நினைக்கிறேன். வலது மடல் வெயிலில் தோல் உரிந்துபோய்த் தொட்டாலே எரியும்.

சேரன்மகாதேவி தாண்டி, வாய்க்கால் கரையில் இருந்தது நான் படித்த தோட்டம். மருந்தடிக்காமல், உப்பு உரம் போடாமல் காய்கறி வளர்க்கும் ஆறு மாதப் பயிற்சி. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் கரும்பலகை ஒன்று பேருக்கு நின்றது. மற்றபடி படிப்பு முழுக்கக் குனிந்தபடியேதான். ஆளுக்கு ஒரு பாத்தி; நாற்று நடுவதில் இருந்து காய் பறிப்பது வரை அவரவர் பாடு. கடைசியில் வெளியூரில் இருந்து ஒருவர் வந்து பாத்தியைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் நான் மறுபடி விமானம் ஏற வேண்டும். மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பீரோ மேல் என் பெரிய பெட்டி உட்கார்ந்திருந்தது. வளைகுடாவில் நான் பாதி ஆயுளைக் கழித்த கடையில் இருந்து "எப்ப வாறீங்க" என்று போன் வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரி நேராகவே சொல்லிவிட்டாள்.

"மச்சான், உங்க பவுசு எனக்குத் தெரியும். மொட்டமாடியில நிக்கித ரோசாச் செடிக்கே தண்ணி ஊத்த மறக்குத ஆளு நீங்க. இந்தப் படிப்பையாவது ஒழுங்கா முடிச்சிட்டு வாங்க. களக்காட்டு நெலத்த உங்க கையில தாரேன். இல்லன்னா பொட்டியத் தொடச்சு வைக்கேன்."

களக்காட்டு நிலம் அவளுடைய வாப்பா கொடுத்தது. அதைத் தரிசாகப் போட்டாலும் போடுவாளே தவிர, தெரியாதவன் கையில் கொடுக்க மாட்டாள். அதில் தவறொன்றும் இல்லை. எனக்கோ திரும்பிப் போகத் தெம்பில்லை. ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்து, தானே பொங்கித் தின்று, பிள்ளைகள் வளர்வதைப் போனில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

சரி, கடையில் நான் என்ன வேலை செய்தேன் என்று சொல்ல வேண்டும். காய்கறிப் பகுதி. கத்தரிக்காயைத் துணியால் துடைத்து, காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்க வேண்டும். கீரையில் ஓட்டை இருந்தால் எடுத்துவிட வேண்டும். உதிர்ந்த சருகு ஒன்று தரையில் கிடந்தால் மேலாளர் என்னைப் பார்ப்பார். நான் விளக்குமாற்றைப் பார்ப்பேன். இந்த அனுபவத்தோடு விவசாயம் படிக்கப் போனால் முதல் ஆளாக வருவேன் என்று நம்பினேன். காயோடுதானே இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்!

பக்கத்துப் பாத்திக்காரர் சாத்தான்குளத்து அண்ணாச்சி. பலசரக்குக் கடையை மகனிடம் விட்டுவிட்டு, முருங்கை போடப் போகிறேன் என்று வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், இடுப்பு மட்டும் பத்து வயது இளையது. தோட்டத்திலேயே தங்கியிருந்தார். நான் தினமும் பஸ்.

முதல் மாதம் தினமும் நான்தான் முதலில் வருவேன். வந்தால் என் பாத்தி முழுக்க வாழைச் சருகு கிடக்கும். காற்றில் வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்து, சுத்தமாகக் கூட்டி வேலியோரம் குவிப்பேன். கத்தரி இலையில் தூசி இருந்தால் தோள் துண்டை நனைத்துத் துடைத்தும் விடுவேன். மறுநாள் பார்த்தால் பாத்தி மறுபடி சருகாகக் கிடக்கும். இந்த ஊரில் என்ன காற்று இது என்று அலுத்துக்கொண்டே மறுபடி கூட்டுவேன். இதற்கிடையில் நாற்றுகள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின.

டீச்சர் வந்து பார்த்தாள். பாளையங்கோட்டைப் பெண்; வேளாண்மை படித்தவள்; என் மூத்த மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். மாணவனை டீச்சர் "சார்" என்று கூப்பிடும் வகுப்பு அது.

"சார், இங்கன போட்ட மூடாக்க யாரு எடுத்தது?"

"மூடாக்கா?"

"வாழச் சருகு சார்."

"அதுவா? நான்தான் டீச்சர். தெனமும் கூட்டுதேன்" என்றேன், பாராட்டு வரப்போகிறது என்ற நினைப்பில்.

பக்கத்துப் பாத்தியில் இருந்து அண்ணாச்சி நிமிர்ந்தார். "வே பாய்! நீரா கூட்டுதீரு? நான் காத்துல பறந்துட்டுன்னுலா நெனச்சேன்! தெனமும் சாயந்தரம் நீரு பஸ்ஸுக்குப் போன பொறவு, பாவம் மனுசன்னு அள்ளியாந்து போட்டுக்கிட்டுக் கெடக்கேன். எனக்கு இடுப்பு கழண்டு போச்சுவே!"

டீச்சர் நெற்றியில் கை வைத்தாள். "சார், அது மண்ணுக்குப் போர்வ. வெயில்ல ஈரம் போயிராம இருக்கத்தான் போடுதோம். நீங்க ராத்திரி பூரா போத்திவிட்டு, வெயில் வாற நேரத்துல உருவியிருக்கீங்க."

இதை அவள் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறாளாம். அந்த மத்தியானம் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்க வேண்டும்.

மறுபடி நாற்று நட்டேன். இந்தத் தடவை சருகைத் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பாத்தியைப் பார்க்கும்போது கை அரித்தது. சாணமும் கோமியமும் வெல்லமும் பயற்று மாவும் போட்டுக் கரைத்த உரத்தைக் கலக்கிக் கலக்கித் தோள்பட்டை இறங்கிப்போனது. அதில் ஒரு லாபம், திரும்பும் பஸ்ஸில் எனக்கு எப்போதும் தாராளமாக இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்து நின்றுகொள்வார். நான் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கி, மேலப்பாளையத்தையும் தாண்டிப் போய் இறங்கி நடந்து வருவேன்.

பாத்தியைப் பார்க்க ஆள் வருவதற்கு முந்தின நாள், கடைக்காரப் புத்தி மறுபடி எட்டிப் பார்த்தது. செடியெல்லாம் பிழைத்துக் காய்த்திருந்தது, உண்மைதான். ஆனால் என்ன அழகு! இலையில் ஓட்டை, கீழே கறுத்து மக்கிய சருகு, கோணல் காய்கள். இப்படி ஒரு தட்டுக் காயை எங்கள் மேலாளரிடம் காட்டினால், ஊருக்குப் போ என்று அன்றே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிடுவார். மக்கினதை அள்ளிவிட்டு, ஓட்டை இலைகளைக் கிள்ளி, ஓரத்தை ஒழுங்குபண்ணிவிடலாம் என்று குனிந்தேன். குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அண்ணாச்சிதான் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு போய் மாமரத்தடியில் படுக்க வைத்தார்.

"அண்ணாச்சி, அந்தச் சருக மட்டும் கொஞ்சம் கூட்டி விட்டிருங்களேன்."

"போட்டதும் நானு, கூட்டவும் நானா? பைய மூச்ச விட்டுக்கிட்டுப் படும்வே."

அன்று முழுவதும் மாங்கொப்பைப் பார்த்தபடி கிடந்தேன். என் பாத்தியைத் தொட என்னாலும் முடியவில்லை, வேறு யாரும் தொடவும் இல்லை. பீரோ மேல் இருந்த பெட்டி கண்ணுக்குள் வந்து வந்து போனது. எழுந்து போய்ச் செய்யலாம் என்று ஆசைதான். உடம்பு கேட்கவில்லை.

மறுநாள் வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் பாத்திக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் என்னை மாதிரியே யோசித்து, முந்தின நாள் பாத்தியைச் சுரண்டிச் சுத்தமாக்கி வைத்திருந்தார்கள். அதற்குள் வெயிலில் மண் வெடித்திருந்தது. அந்த அம்மா அவற்றைத் தாண்டி, என் பாத்திக்கு வந்து உட்கார்ந்தார். சருகுக்கு அடியில் கையை நுழைத்தார். எடுத்தபோது விரலெல்லாம் ஈர மண். அதில் ஒரு மண்புழு நெளிந்தது.

"யாரோடது?"

இடுப்பில் கை வைத்தபடி முன்னால் வந்தேன்.

"எல்லாரும் இன்னைக்குன்னு பாத்துச் சுத்தம் பண்ணியிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் விட்டீங்க?"

பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. பின்னால் டீச்சர் நிற்கிறாளே.

"இடுப்பு முடிவு பண்ணிட்டு மேடம். என்னக் கேக்கல."

அண்ணாச்சி இருமுவது போலச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். "அப்ப உங்க இடுப்புக்கு விவசாயம் தெரிஞ்சிருக்கு" என்றபடி எழுதிக்கொண்டு போனார். தேறிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சான்றிதழை நீட்டினேன். வீட்டுக்காரி இரண்டு தடவை படித்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியைக் கீழே இறக்கினாள். ஏதும் பிழையோ என்று நான் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அவள் பெட்டியைத் திறந்து, மழைக்காலக் கம்பளிகளை எல்லாம் திணித்து, மேலே ஏறி உட்கார்ந்து மூடினாள். கால் மேல் கால் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அல்லா பரக்கத்துச் செய்வான் மச்சான். வெள்ளன எந்திரிச்சுக் களக்காட்டுக்குப் போயிருவோம். நெலம் பூரா முள்ளும் பொதருமாக் கெடக்கு. எல்லாம் குனிஞ்சு செய்யுத வேலதான்."

நான் பாயில் மெதுவாகச் சாய்ந்தேன். அவள் உட்கார்ந்திருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். சக்கரம் வைத்த பெட்டி. இழுத்தால் குனியாமலே கூட வரும்.