முடிவை முதலில் சொல்கிற வியாதி

பல வருடம் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி வாசித்த என்னைத் திடீரென்று பின்னிரவு நகைச்சுவை நிகழ்ச்சிக்குத் தூக்கிப் போட்டார்கள். பதவி உயர்வு என்றார்கள். என் பழைய நாற்காலியில் மறுநாளே வேறொருவர் உட்கார்ந்துவிட்டதால் நானும் நம்பித் தொலைத்தேன்.

"எத வேணும்னாலும் கிண்டல் பண்ணுங்க லா," என்றார் தயாரிப்பாளர். "மதம், இனம், அரசியல், எம்ஆர்டி ரயில், இது மட்டும் வேணாம்." மிச்சம் இருந்தது என் மாமியார்தான்.

பின்னிரவு நிகழ்ச்சியைப் பிற்பகலில்தான் பதிவு செய்வார்கள். ஆங் மோ கியோவிலிருந்து ஒரு பஸ் நிறைய மூத்தோரை அழைத்துவந்து, பிரியாணி போட்டு, சிரிக்க உட்காரவைத்தார்கள். முன்வரிசை முழுக்கத் தூங்கி வழிந்தது.

விழித்திருந்தவர்களின் சிரிப்பை நான் கெடுத்தேன். விளையாட்டுச் செய்தியில் முதலில் முடிவு, பிறகுதான் விவரம். நாக்கு அப்படியே பழகிவிட்டது. "என் மாமியார் திட்டித் தீர்த்தது அடுத்த அடுக்குமாடி புளோக்குக்காரரை. இனி விவரங்கள்," என்று ஆரம்பித்தால் யார் சிரிப்பார்கள்?

"அடுத்த எபிசோடும் இப்படின்னா நிப்பாட்டிருவாங்க, அண்ணே," என்றார் தயாரிப்பாளர். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

நிகழ்ச்சி ஒளியேறிய மறுநாள், லிட்டில் இந்தியாவில் எனக்குத் தெரிந்த பணமாற்றுக் கடை பாய் பிடித்துக்கொண்டார்.

"சிரிப்பே வரல தம்பி. முன்னாடி செஞ்சீங்களே, அதான் காமெடி."

"அது செய்தி, பாய்."

"அதத்தான் சொல்றேன். நம்ம டீம் அஞ்சு கோல் வாங்கியிருக்கும். நீங்க மையத்து வீட்ல துக்கத்துக்கு நிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு, 'ஆயினும் வீரர்கள் நம்பிக்கை இழக்கவில்லை'ம்பீங்க. எங்க வீடே விழுந்து விழுந்து சிரிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. ஆனாலும் அடுத்த பதிவுக்குப் செய்தி வாசிக்கப் போட்ட பழைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். அதே முகம், அதே குரல்.

"சென்ற வார நிகழ்ச்சியில் நான் படுதோல்வி அடைந்தேன். இனி விவரங்கள். முன்வரிசை முதல் பாதியிலேயே தூங்கிவிட்டது. ஆயினும் தொகுப்பாளர் நம்பிக்கை இழக்கவில்லை."

அரங்கம் அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த முன்வரிசை விழித்து, என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தது.

நிகழ்ச்சி இன்றும் ஓடுகிறது. பாய்தான் முதல் ரசிகர். 'நம்பிக்கை இழக்கவில்லை' என்ற அந்த வரியை அத்தனை வருடமும் நான் மனதார நம்பித்தான் வாசித்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.