நமிசிப் பாலத்துக்கு இருபத்தெட்டு நாள்

எங்கள் கவுண்டியில் ஒரு சாலை சீராக வேண்டுமென்றால் அதன் கடைசி வீட்டில் ஒரு பெரிய மனிதர் சாக வேண்டும். செத்தால் மறுநாளே கிரேடர் வந்து மேடு பள்ளத்தை வழித்துவிடும். கவுண்டியை ஆளும் கவர்னரின் கார் அடிதட்டாமல் சாவு வீட்டுக்குப் போய்ச் சேரும். அடக்கம் முடிந்ததும் கிரேடர் அடுத்த சாவைத் தேடிக் கிளம்பிவிடும்.

சாலைத் துறையின் தலைமை இன்ஜினியர் நபுவிலேக்கு இது வேடிக்கையாக இல்லை. ஒவ்வொரு ஜூலையிலும் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவாள்: இத்தனை கிலோமீட்டர் சாலை, இத்தனை பாலம். அடுத்த ஜூன் முப்பதுக்குள் முடிந்ததா என்று பார்த்து அவளுக்கு மதிப்பெண் போடுவார்கள். அவள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை தொங்கும். இயந்திரங்கள் எந்த நாள் எங்கே ஓடின என்று அதில் இருக்கும். அதில் யாரும் கேட்காத ஒரு பத்தியை அவளே சேர்த்து, மேலே 'சாவு' என்று எழுதியிருந்தாள். போன வருஷம் இயந்திரங்கள் ஓடிய இருநூற்றுப் பன்னிரண்டு நாளில் நூற்று முப்பத்தொன்று அந்தப் பத்தியில்தான் இருந்தது. அதை அழிக்கச் சொன்ன அதிகாரியிடம், "சாகுறதை நிறுத்தச் சொல்லுங்க சார், நான் அழிச்சிடறேன்" என்றாளாம்.

நாற்பத்தேழு வயது. காரில் எப்போதும் ரப்பர் பூட்ஸ், சுட்ட சோளம். யாரையும் கத்தித் திட்டமாட்டாள். தவறைத் திரும்பத் திரும்ப மெதுவாகச் சொல்லுவாள். மேஸ்திரிகளுக்குத் திட்டே தேவலை என்றிருக்கும்.

அவளுடைய தலைவலி நமிசி ஆற்றுப் பாலம். இரண்டு கரையிலும் தூண் எழுப்பி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேலே ஸ்லாப் இல்லை. துருத்திக்கொண்டிருந்த கம்பிகளில் பெண்கள் துணி காயப்போட்டார்கள். ஆற்றைக் கடக்கக் குறுக்கே போட்ட ஒரே ஒரு மரத்தடி. போன மழையில் ஒரு பிரசவக்காரியைக் கட்டிலோடு தூக்கி அந்த மரத்தின் மேல் போனோம். முன்னால் பிடித்தவள் நான். மறுபடி பிடிக்க எனக்கு ஆசையில்லை.

நான் அப்போது ஆற்றுக்கு இந்தப் பக்கம் வட்டாரத் தலைவராக இருந்த முன்னாள் சீஃப் முகுவானாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தெட்டு வயது. பக்கவாதத்தில் வலது கால் போய்விட்டது, வாய் போகவில்லை. திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, மாத்திரை கொடுப்பது என் வேலை. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் நபுவிலே ஆற்றைப் பார்த்துவிட்டு டீ குடிக்க வந்தாள்.

"என்னம்மா இன்ஜினியர், கம்பி பூத்துக் காய்க்குதான்னு பாக்க வந்தியா?" என்றார் பெரியவர்.

"மிக்சர் மிஷின் மறுபடி ஒரு சாவுக்குப் போயிருக்கு, பெரியவரே. ரெண்டு வருஷம் மார்க் போச்சு. இந்த ஜூனுக்குள்ள பாலம் முடியலைன்னா என் நாற்காலில வெகுலோவோட மச்சான் உக்காந்திருப்பான்."

வெகுலோ எங்கள் வட்டாரத்தின் கவுண்டி சபை உறுப்பினர்.

"மச்சானுக்குப் பாலம் கட்டத் தெரியுமா?"

"மாவு மில் வச்சிருக்கான்."

பெரியவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க?" என்றேன்.

"பயப்படாத. நீ செத்தா ரெண்டு சைக்கிள் வரும். நான் செத்தா?"

நபுவிலே டீயைக் கீழே வைத்தாள். "நான் பொய் சொல்ல மாட்டேன், பெரியவரே."

"எம்பத்தெட்டு வயசுக்காரன் சாகப்போறேன்னு சொன்னா அதுல எது பொய்?"

சனிக்கிழமை தன் அடக்கக் கமிட்டி கூடும் என்று அவரே ஊருக்குச் சொல்லி அனுப்பினார். இங்கே ஆள் செத்த பிறகுதான் கமிட்டி போடுவார்கள். முன்னாள் சீஃப் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சாயங்காலமே வெகுலோ எனக்கு ஃபோன் செய்தான்.

"நர்ஸம்மா, பெரியவர் எப்படி?"

"கால் இனிமே தேறாது. வயசும் குறையாது."

"எத்தனை நாள் தாங்கும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் பெட்பேன் தூக்குறேன்? ஜோசியம் சொல்லிப் பிழைப்பேன்."

அவன் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டான். மூன்றாம் நாள், கவர்னரின் கார் ஆற்றைக் கடக்க வேண்டுமே என்று, சிமெண்ட், ஜல்லி, மிக்சர், சென்ட்ரிங் பலகை எல்லாம் ஆற்றங்கரைக்கு வந்து இறங்கின.

அன்றைக்கு நபுவிலே படுக்கைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"பெரியவரே, ஸ்லாப் ஊத்தினப்புறம் இருபத்தெட்டு நாள் காயணும். அதுவரைக்கும் கீழ முட்டுக்கொடுத்த பலகையைத் தொடக்கூடாது. நீங்க சீக்கிரம் போற மாதிரி இருந்தா காயறதுக்கு முன்னாடியே மேல மண்ணைக் கொட்டி ஜோடிச்சுட்டுப் போயிடுவாங்க. நல்லா இருந்தா மிஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"அப்ப நான் நிதானமா சாகணும்."

"ஆமா."

"கேட்டுக்கிட்டியா நர்ஸம்மா? நிதானம்."

அந்த நிதானம் என் தலையில் விழுந்தது. பார்க்க வருகிறவர்களை மதிய மாத்திரை போட்ட பிறகுதான் உள்ளே விடுவேன். மாத்திரை போட்டால் அவருக்கு வாய் திறந்து தூக்கம் வரும். வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்து, தொப்பியைக் கழற்றி, "அதிக நாள் இல்ல" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அவர்கள் படலைத் தாண்டியதும் எழுந்து உகாலிக் களியும் கோழிக் கல்லீரலும் கேட்பார். சாகக் கிடப்பவருக்கு இப்படி ஒரு பசியை நாற்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

மே இருபத்து நாலில் ஸ்லாப் ஊற்றினார்கள். நபுவிலே தினமும் வந்து, ஸ்லாப் மேல் விரித்த சாக்கு ஈரமாக இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் தானே வாளியெடுப்பாள்.

பன்னிரண்டாம் நாள் பெரியவருக்கு நிஜமாகவே ஜுரம் வந்தது. நான் மாத்திரை கொடுத்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். செய்தி வெகுலோவுக்குப் போய்விட்டது. டி.வி.க்காரர்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தான் போல, சனிக்கிழமையே ஆளனுப்பி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டச் சொல்லிவிட்டான். வெட்டியது எனக்கே தெரியாது.

ஞாயிறு காலை ஜுரம் விட்டது. பெரியவரை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்தேன். புளித்த பால் குடித்துக்கொண்டு, ரேடியோவில் ஓடிய கால்பந்தாட்டத்தின் கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டில் வெகுலோ மரத்தடியைத் தவழ்ந்து கடந்து வந்தான். பின்னால் சர்ச் பாடகர் குழு.

"பெரியவரே... எழுந்துட்டீங்களே."

"ஏன்டா குரல் நடுங்குது? சந்தோஷமா?"

வெகுலோ என்னைப் பார்த்தான். ரேடியோவைப் பார்த்தான். வாளியோடு வந்து நின்ற நபுவிலேயைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது.

"நாளைக்குக் காலைல பலகையெல்லாம் பிரிச்சு லாரில ஏத்துங்க. அக்கரைல நிஜமாவே ஒருத்தர் செத்திருக்கார்!"

"பதினாலு நாள்தான் ஆச்சு" என்றாள் நபுவிலே மெதுவாக. "இப்ப பிரிச்சா ஸ்லாப் ஆத்துல."

"விழட்டும். ஜூன் முப்பதுல நீ பதில் சொல்லிக்கோ."

அவள் மறுபடி மெதுவாகச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவளோ வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்போது கொட்டகைப் பக்கமிருந்து முகுவானாவின் பங்காளி மாங்கேனி வந்தார். குலத்தில் அவர்தான் மூத்தவர். கையில் தொப்பி.

"பின்னால வெட்டின குழி யாரோடது?"

பாடகர் குழு நாலடி பின்வாங்கியது. உயிரோடிருப்பவருக்குக் குழி வெட்டினால் அது சும்மா மூடாது. யாராவது உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் வெட்டச் சொன்னவன் வீட்டுக்கு வந்து கேட்கும். அதற்காகத்தான் ஆளுக்குப் பதில் வாழைத் தண்டை உள்ளே படுக்கவைத்து முறையாக அடக்கம் செய்வது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. வெகுலோவுக்கு மூன்று பிள்ளைகள்.

"இப்பவே ஒரு தண்டை வெட்டிட்டு வாங்க!" என்றான்.

"வெட்டச் சொன்னவன் தோட்டத்து வாழைதான் ஆகும்" என்றார் மாங்கேனி. "அவனே தோள்ல தூக்கி வரணும்."

வெகுலோவின் தோட்டம் அக்கரையில்.

பெரியவர் பால் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். "தண்டு ஆத்துத் தண்ணி மேல தொங்கக்கூடாது. மரத்தடி மேல வந்தா தொங்கும். கல்லுப் பாலத்து மேலதான் வரணும். அடக்க நாளை அடங்கப்போறவன் சொல்லணும். நான் சொல்றேன், ஜூன் இருபத்தி ரெண்டு."

கல் விதியை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன். மாங்கேனியும்தான். ஆனால் அவர் முகத்தில் ஒரு மயிர் அசையவில்லை.

"லாரில சுத்துவழியா வந்தா?" என்றான் வெகுலோ.

"வா. சாவும் உன்னைச் சுத்திச் சுத்தி வரும்" என்றார் பெரியவர்.

யாரும் பலகையைத் தொடவில்லை. அதற்கு மேல், சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள வெகுலோ சொந்தச் செலவில் இரண்டு ஆள் போட்டான்.

ஜூன் இருபத்தொன்றில் சென்ட்ரிங் பிரித்தார்கள். ஜல்லி ஏற்றிய லாரி மேலே ஏறும்போது நபுவிலே பாலத்துக்கு அடியில் போய் நின்றாள். பூட்ஸைச் சுற்றித் தண்ணீர்.

"ஏம்மா அங்க நிக்கிற?" என்று கத்தினேன்.

"விழுந்தா மார்க் கேக்க ஆள் இருக்காது, நர்ஸம்மா. ஒரு வேலை மிச்சம்."

விழவில்லை. லாரி இரண்டு தடவை போய் வந்தது. அவள் மேலே ஏறி வந்து, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, ஸ்லாப்பை ஒரு தட்டுத் தட்டினாள்.

மறுநாள் பாலத்தை முதலில் நடந்து கடந்தவன் வெகுலோ, தோளில் வாழைத் தண்டோடு. டி.வி.க்காரர்கள் படம் எடுத்தார்கள். பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி இரங்கல் உரை ஆற்றினார். "அமைதியானவர். யாரையும் திட்டினதில்லை. அதுலயே தெரியும், இது நான் இல்லைன்னு."

ஜூலையில் மதிப்பெண் போட வந்த அதிகாரி அட்டவணையைப் பார்த்துக் குழம்பினாராம். நமிசிப் பாலத்துக்கு ஓடிய நாட்களை எல்லாம் நபுவிலே 'சாவு' பத்தியில்தான் எழுதியிருந்தாள்.

"யார் செத்தது?"

"வாழை, சார்."

பாலம் நிற்கிறதே, அவர் என்ன செய்வார். மதிப்பெண் போட்டார். நாற்காலி அவளுக்கே இருந்தது. மாவு மில் வழக்கம் போல ஓடுகிறது.

அடுத்த வாரம் நான் அவள் அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தி பைக் டாக்சியில் வந்து இறங்கினாள். எழுபத்தொன்பது வயது, கையில் குடை, நல்ல ஆரோக்கியம்.

"எங்க பக்கமும் ஒரு ஓடை இருக்கு. நான் எத்தனை நாள் படுக்கணும்?"

நபுவிலே பென்சிலை எடுத்தாள். "ஓடை எத்தனை அடி?"

"பத்து."

"குழாய் பதிச்சா போதும். ஒரு வாரம் படுங்க. ஜுரம் மட்டும் வேண்டாம்."