தர்மனின் மணியும் அமாவாசைக் கமிட்டியும்

தர்மன் காஞ்சிபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் இருபது வருஷமாகக் கூலிக்கு இருந்தவன். 2002-இல், நாற்பது வயதை நெருங்கும்போது, தறிக்கு ஒரு கருவி செய்தான். நீளவாக்கில் கட்டிய பாவில் ஓர் இழை அறுந்தால் மணி அடிக்கும். இழைக்கு ஒரு தகரத் துண்டு தொங்கும். இழை அறுந்ததும் துண்டு விழுந்து கம்பியைத் தொடும், அவ்வளவுதான். அறுந்தது தெரியாமல் நெய்துகொண்டே போனால் பட்டுச் சேலையில் கோடு விழுந்துவிடும். பெரிய காஞ்சிபுரத்து நெசவாளி கலியாணசுந்தரம் தன் தறியில் மாட்டிப் பார்த்தார். ஒரு மாதம் ஒரு கோடும் விழவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அரசாங்கத்துக்கும் விஞ்ஞானப் பித்துப் பிடித்திருந்தது. புது யோசனை உள்ளவனுக்குத் தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு ஷெட், கரண்டோடு. ஆனால் ஒப்புதல் கிடைக்கும் நாளில் வயது நாற்பது ஆகியிருக்கக் கூடாது. நாற்பதில் மூளை நின்றுவிடும் என்று முடிவு செய்த அதிகாரிகள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். தர்மனுக்கு ஆடி அமாவாசைக்கு மறுநாள் நாற்பது.

விண்ணப்பம் போட்டான். கமிட்டி சோதனைக்கு வரும் என்று கடிதம் வந்தது. தேதியைப் பார்த்தால் ஆனி அமாவாசை. அலுவலகத்துக்கு ஓடினான்.

"சார், அமாவாசையில ஊர்ல ஒரு தறியும் ஓடாது சார். யாரும் தறிக்குழியில எறங்க மாட்டாங்க."

அதிகாரி வீரபாகு சிரித்தார். "நல்ல நாள் பாத்து வெச்சிருக்குதுப்பா. நாங்க பாக்க வர்றது உன் கருவியையா, தறியையா?"

வந்தார்கள். தேங்காய் உடைத்தார்கள், கருவிக்குச் சந்தனம் வைத்தார்கள். ஓடாத தறியின் முன்னால் நாலு பேர் கால் மணி நேரம் காது கொடுத்து நின்றார்கள். தானே ஓர் இழையை அறுத்துக் காட்டுவதாகத் தர்மன் சொன்னான். நீயே அறுத்தால் அது சோதனை ஆகாது என்றார் வீரபாகு. "கருவி எவ்வித ஒலியும் எழுப்பவில்லை" என்று அறிக்கை எழுதினார்கள். பொய் என்று சொல்ல முடியாது.

தர்மன் மனுமேல் மனு போட்டு மறுசோதனை வாங்கினான். வீரபாகு காலண்டரைப் புரட்டினார். "போன தடவ ஆனி, அதான் ராசியில்ல. ஆடி அமாவாசை வெச்சுக்கலாம், ரொம்ப விசேஷம்." ஆள் மாறவே இல்லை. அதை விட்டால் தர்மனுக்கு வேறு நாளும் இல்லை.

கலியாணசுந்தரத்திடம் போய் நின்றான். "அண்ணா, இந்த ஒரு தடவ உக்காருங்கண்ணா."

அவர் தறியைத் திரும்பிப் பார்த்தார். "எங்கப்பா காலத்துல இருந்தே அன்னிக்கு தறியத் தொட்டதில்லப்பா," என்றார். பிறகு, "சரி, வா," என்றார்.

ஆடி அமாவாசைக்கு விடியற்காலையிலேயே சர்வதீர்த்தக் குளத்துக்குப் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கிறவர் அவர். கமிட்டி எத்தனை மணிக்கு வரும் என்று யாரும் சொல்லாததால் அன்று போகவில்லை. ஆறு மணிக்கே தறிக்குழியில் இறங்கிவிட்டார். தெருவே வந்து எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தது. பத்து மணிக்கு ஓர் இழை அறுந்தது. மணி கணீரென்று அடித்தது. தர்மனுக்கு அழுகையே வந்துவிட்டது. மத்தியானம் இன்னொரு முறை அடித்தது. பொழுது சாயும்வரை ஜீப் வரவில்லை.

மறுநாள் தர்மன் அலுவலகத்தில் நின்றான். வீரபாகு கோப்பை மூடி வைத்திருந்தார். வயது வரம்பு தாண்டிவிட்டதாம். குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

"நேத்து அப்பாவுக்குத் தர்ப்பணம்பா, லீவு போட்டுட்டேன். ஆடி அமாவாசையாச்சே, விட முடியுமா? நீயே சொல்லு."

"முடியாதுதான் சார்," என்றான் தர்மன். "கலியாணசுந்தரம் அண்ணாவத்தான் நான் விட வெச்சுட்டேன்."